அலர்ட்டில் வந்த பெயர்

ஒரு பெரிய மருத்துவமனையில் ரத்த வங்கியின் டேட்டாபேஸ், சர்வரில் இடமில்லாமல் அடிக்கடி நின்றுபோனது. மேலாளர் ஞானசுந்தரம், சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தப் பணியாளர் செங்கமலத்தைக் கூப்பிட்டார்.

“யார் நிரப்புறாங்கன்னு நாளைக்குள்ள கண்டுபிடி. இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது!”

ஆள் யாரென்று அவளுக்குத் தெரியும். அவள் வாயால் சொன்னால் எடுபடுமா?

“எண்பது சதவீதம் நிரம்பினா அலர்ட் வர்ற மாதிரி வைக்கிறேன் சார். நிரப்பினவர் பேரோட எல்லா டாக்டருக்கும் போகட்டுமா?”

“போகட்டும், அவன் மானம் கப்பலேறட்டும்!”

மறுநாள் டாக்டர்கள் கூட்டத்தில் எல்லார் செல்போனும் ஒலித்தது. “சர்வர் நிரம்புகிறது. காரணம்: ஞானசுந்தரம், மகள் கல்யாண வீடியோ.”

மேலாளர் அங்கேயே உட்கார்ந்து அத்தனை வீடியோவையும் அழித்தார்.

ரத்த வங்கி நர்ஸ் அற்புதமேரி ஓடிவந்து செங்கமலத்தின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

“நேத்து ஒரு பிரசவ கேஸுக்கு ரத்தம் தேட முடியாமத் தவிச்சேன். நீ நல்லா இருக்கணும் தாயி. அந்த அலர்ட்டை மட்டும் எடுத்துராதே!”