பின்னால் போனால் குயில் கூவும் வண்டி

கரட்டுக் காட்டில் சூரமுத்து என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. முள்ளெல்லாம் வெளியே தெரியும். புத்தி எங்கே இருந்தது என்று மட்டும் இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை.

அதன் வளை மேட்டின் உச்சியில் இருந்தது. கிழங்குக் கொல்லையோ மேட்டின் அடியில், குளத்தங்கரையில். மழை பிடித்துவிட்டால் பாதை அறுந்துபோகும். இரண்டு மாதம் கீழே இறங்க வழியில்லை. போன வருடம் வாயால் கவ்விக் கவ்விச் சுமந்ததில் பாதிக் கிழங்கு கீழேயே அழுகிப்போனது. மூன்று குட்டிகளும் மரப்பட்டையைச் சுரண்டித் தின்று மழைக்காலத்தைத் தள்ளின.

அதனால்தான் இந்த வருடம் எப்பாடுபட்டாவது ஒரு வண்டி வாங்குவது என்று முடிவானது. அந்தக் காட்டில் நாலு சக்கர மிதி வண்டி விற்றது ஒரு கீரி. விலை, முள். சூரமுத்துவின் மனைவி பேச்சி ஒரு வருடமாக உதிர்ந்த முட்களைப் பொறுக்கிக் கட்டுக் கட்டாகச் சேர்த்து வைத்திருந்தது.

"என்னங்க, தடைக்கட்டை போட்ட வண்டியா வாங்குங்க! மேடு செங்குத்து. நடுவுல மூச்சு வாங்க நின்னா, சக்கரத்தைப் பிடிக்கிறது அதுதான். மழைக்கு ஒரு மூடாப்பு. வேற எதுவும் வேண்டாம்!"

"எனக்குத் தெரியாதா?" என்றது சூரமுத்து. தெரியாதவர்கள் எல்லாரும் சொல்வது அதைத்தான்.

கீரி வாசலுக்கே வந்து வரவேற்றது. "வாங்க அண்ணாச்சி! உங்களை மாதிரி ரசனை உள்ளவங்க வர்றதே அபூர்வம்!"

சூரமுத்துவுக்கு அப்போதே முதுகு சிலிர்த்தது. "தடைக்கட்டை வண்டியோட வருமா?"

"அது தனி அண்ணாச்சி! மூடாப்பும் தனி. ஒண்ணுக்கு ஒரு கட்டு முள். உங்ககிட்ட வண்டி விலை போக ரெண்டு கட்டு மிச்சம் இருக்கு. தாராளமா போட்டுத் தர்றேன். ஆனா..."

"ஆனா?"

"நாளைக்குக் குளத்தைச் சுத்தி மூணு சுத்து வருவீங்கள்ல? காடே கூடி நிக்கும். தடைக்கட்டை வண்டிக்கு அடியில இருக்கு. எவன் குனிஞ்சு பாப்பான்?"

சூரமுத்து யோசித்தது. புது வண்டியை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிக் குளத்தை மூன்று சுற்று சுற்றிக் காட்டுவது அந்தக் காட்டு வழக்கம். போன மாதம் உடும்பின் வண்டியில் இருந்தது ஒரே ஒரு சின்ன மணி. அதற்கே காடு ஒரு வாரம் வாய் ஓயாமல் பேசியது!

"இந்த இலவம்பஞ்சு மெத்தையைப் பாருங்க! முன்னால ஒரு கண்ணாடி. ஓட்டிக்கிட்டே உங்க மூஞ்சியை நீங்களே பாத்துக்கலாம்!"

இரண்டு கட்டு முள்ளும் கைமாறின.

"கடைசியா இது. வண்டி பின்னால நகர்ந்தா குயில் மாதிரி கூவும்! உடும்பு வண்டியில இது இல்லை."

அவ்வளவுதான். சூரமுத்து தன் வாலில் இருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கொடுத்தது. வலித்தது. பெருமைக்காகப் படும் வலி என்பதால் சிரித்துக்கொண்டே பிடுங்கியது.

மறுநாள் குளக்கரையில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. "அடேயப்பா!" என்று உடும்பு வாயைப் பிளந்தது. இரண்டாவது சுற்றிலேயே மெத்தையை முள் கிழித்துப் பஞ்சு பறந்தது. முள்ளம்பன்றிக்கு எதற்கு மெத்தை என்று கீரிக்குத் தோன்றாமல் இருந்திருக்காது. ஆனால் அது வியாபாரி.

வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தது ஒரே ஒரு ஆள்தான். பேச்சி.

"என்னங்க, தடைக்கட்டை எங்க?"

"அடுத்த வருசம் பாத்துக்கலாம்! மிதிக்க என் காலு இருக்கில்ல?"

பேச்சிக்குத் திட்டக்கூட நேரமில்லை. வானம் கறுத்து நின்றது.

"பாதி பாதியா ஏத்துங்க! வண்டி தாங்காது!"

சூரமுத்து கேட்கவில்லை. மொத்தக் கிழங்கையும் ஒரே நடையில் ஏற்றி மிதித்தது. பாதி மேட்டில் மூச்சு வாங்கியது. கால் ஓய்ந்தது. வண்டி ஒரு கணம் நின்றது. பிறகு மெதுவாகப் பின்னால் நகர்ந்தது.

"கூ... கூ..."

"ஐயோ! பிடிங்க! பிடிங்க!" என்று பேச்சி கத்திக்கொண்டு ஓடியது.

"கூ... கூ... கூ!"

குயில் சத்தம் கேட்டு உடும்பு புதரிலிருந்து வெளியே வந்தது. "ஆகா, என்ன கூவல்! இன்னும் கொஞ்சம் பின்னால போங்க!"

கேட்டுக்கொண்டபடியே வண்டி போனது. கண்ணாடியில் தன் முகம் அலறுவதைச் சூரமுத்து தெளிவாகப் பார்த்தது. அந்த ஒரு சாமான் மட்டும் சொன்னபடி வேலை செய்தது என்று சொல்ல வேண்டும்.

தொபுக்கடீர்! வண்டி குளத்தில் கவிழ்ந்தது. கிழங்கெல்லாம் கரைச் சேற்றில் சிதறின. அடுத்த நிமிடமே காட்டுப்பன்றிக் கூட்டம் மோப்பம் பிடித்து வந்துவிட்டது. அவற்றை விரட்ட முள்ளம்பன்றிக்கு ஒரே வழி, திரும்பி நின்று வாலைச் சிலிர்ப்பதுதான். சூரமுத்து திரும்பியது. சிலிர்த்தது. மொட்டை வால் ஆடியது!

பன்றிகள் சிரித்து முடித்துவிட்டுத் தின்னத் தொடங்கின. கடைசிக் கிழங்கு தீர்ந்தபோது மழை பிடித்தது.

கரையில் கீரி நின்றிருந்தது. "தண்ணிக்குள்ள விழுற வரைக்கும் கூவிச்சு பாத்தீங்களா? சரக்கு அப்படி! தடைக்கட்டை வேணும்னா இப்பவும் போட்டுத் தர்றேன் அண்ணாச்சி. முள் இருக்கா?"

அந்த மழைக்காலத்திலும் வளைக்குள் மரப்பட்டை சுரண்டும் சத்தம்தான். கடைக்குட்டி கேட்டது: "அப்பா, குயிலு கூவுச்சே, அதைத் திங்க முடியுமா?"

சூரமுத்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

ஊர் நிமிர்ந்து பார்த்து வியப்பதை வாங்கிக்கொண்டு, தன் குடும்பத்தைக் காப்பதைக் கடையிலேயே விட்டுவிட்டு வருபவன், தான் விழுவதைத்தான் ஊருக்கு வேடிக்கை காட்டுவான்.