கட்டத்துக்குள் யார் யார்

"இன்னும் என்ன தப்பு இருக்கு மேடம் இதுல?"

இளவேனில் ஆய்வேட்டை மேசைமேல் வைத்தாள். வைத்தாள் என்று சொல்வது மரியாதைக்காக. சத்தம் பக்கத்து அறை வரை கேட்டது.

அவளுடைய வழிகாட்டி ஜமீலா மேடம் கையெழுத்துப் போட்டால்தான் அது அலுவலகத்துக்குப் போகும். அலுவலகம் ஐந்து மணிக்கு மூடிவிடும். இன்றைக்கு விட்டால் இன்னும் ஒரு வருஷம்.

மேடம் முதல் அத்தியாயத்தைத் திறந்தார். அதில் ஓர் அட்டவணை. கணினி அமைப்புகள் இரண்டு வகை: சூழலுக்குத் தக்கபடி தானே மாறுவது, பிறர் மாற்றினால் மாறுவது.

"உன் வெப்சைட் எந்த வகை?"

"தானே மாறுவது." தேர்வு முடிவு வெளியாகும் வெப்சைட்டை எழுதியவள் அவள்தான். "ரிசல்ட் அன்னிக்கு எல்லாரும் ஒரே நேரத்துல வந்து மோதுவாங்க. திணறும். உடனே போட்டோவையெல்லாம் அதுவே கழட்டிவிட்டு மார்க்கை மட்டும் காட்டும். கூட்டம் கலைஞ்சா போட்டோ திரும்ப வந்துடும்."

"கழட்டச் சொன்னது யாரு?"

"நான்தான். ஆனா அது போன வருஷமே எழுதிவெச்சது. ரிசல்ட் அன்னிக்கு நான் ஹாஸ்டல்ல தூங்கிட்டிருந்தேன்!"

"மாடித் தொட்டியில ஒரு பந்து மிதக்குது. தண்ணி நிறைஞ்சா குழாயை அடைக்குது. அது?"

"ஐயோ, அது வெறும் பந்து மேடம். செஞ்சவன் எப்படிச் செஞ்சானோ அப்படி நடக்குது."

"அவனும் தூங்கிட்டுத்தானே இருப்பான்?"

இளவேனில் அட்டவணையைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இது அநியாயம். அப்போ தானா மாறுறது உலகத்துல ஒண்ணுமே இல்லையா? இல்ல, எல்லாமே தானாத்தான் மாறுதா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க."

மேடம் எழுந்துபோய்ப் பலகையில் 'வெப்சைட்' என்று எழுதினார். பக்கத்தில் 'இளவேனில்'. வெப்சைட்டைச் சுற்றி மட்டும் ஒரு கட்டம் போட்டார்.

"எந்த வகை?"

"இப்படிப் போட்டா நான் வெளியில நிக்கிறேன். பிறர் மாற்றுவது."

மேடம் கட்டத்தை அழித்தார். இரண்டையும் சேர்த்துப் பெரிதாகப் போட்டார்.

"இப்ப?"

இளவேனில் பலகைக்குக் கிட்டே போனாள். கோபம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

"தானே மாறுவது... ஆனா வெப்சைட்ல ஒரு எழுத்துகூட மாறலையே மேடம், கட்டம்தானே மாறிச்சு! அப்போ பந்தைச் செஞ்சவனையும் உள்ள சேர்த்தா..."

"உன் அட்டவணையில இந்தக் கட்டம் எங்க இருக்கு?"

ஓடிவந்து பார்த்தாள். அட்டவணையில் எத்தனையோ கோடுகள். கலர் கலராக. அந்தக் கோடு மட்டும் இல்லை.

"போடலை."

பேனாவை எடுத்து அட்டவணையின் தலையில் 'கட்டத்துக்குள் யார் யார்' என்று ஒரு வரி சேர்த்தாள். மணி நாலே முக்கால்.

மேடம் வரியைப் படித்தார். "சரி. இந்த ஆய்வேடு எந்த வகை? நான் கேட்டதால்தானே மாறிச்சு?"

இளவேனில் சாக்பீஸைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். பலகையைத் துடைத்தாள். 'ஆய்வேடு' என்று எழுதினாள். 'இளவேனில்' என்று எழுதினாள். ஒரு நொடி யோசித்து, 'ஜமீலா மேடம்' என்றும் எழுதினாள்.

மூன்றையும் சுற்றி ஒரே கட்டம்.

"திருந்திடுச்சு மேடம். தானா."

மேடம் கட்டத்துக்குள் இருந்த தன் பெயரைப் பார்த்தார்.

பேனாவுக்காகக் கையை நீட்டினார்.