நீர்நாய் கீறிய கோடுகள்

இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் ஒரு மணல்திட்டு இருந்தது. சிறு பிராணிகள் பல அதில் வளை தோண்டிக் குடியிருந்தன. மழைக்காலத்தில் அவற்றைக் காக்கும் பொறுப்பு ஒரு தாய் யானையுடையது. அது உத்தரவிட்டால்தான் யாரும் திட்டை விட்டு நகர்வார்கள். வெள்ளத்தைக் கணித்துச் சொல்வது நீர்நாயின் வேலை.

அந்த வருடம் ஐந்து நாளாக மழை விடவில்லை. ஆறாம் நாள் விடிந்ததும் நீர்நாய் கரையோர மருத மரத்தில், நீர்மட்டத்துக்கு நேராக ஒரு கோடு கீறியது. சற்று நேரத்தில் நீர் அதைத் தாண்டிவிட்டது. ஒரு சாண் மேலே இன்னொரு கோடு கீறியது. அதை நீர் இன்னும் வேகமாக மூடியது.

நீர்நாய் யானையிடம் ஓடியது. "அம்மா! இப்படியே ஏறினால் சாயங்காலத்துக்குள் திட்டு மூழ்கிவிடும்! துறையில் இன்னும் பாறைகள் தெரிகின்றன. எல்லோரும் தாவியே அக்கரைக்குப் போய்விடலாம்!"

"நிச்சயமாக மூழ்குமா?"

நீர்நாய் தயங்கியது. "மேற்கே மழை விட்டால் மூழ்காது. ஆனால் மூழ்குவதற்கே பத்துக்கு ஏழு பங்கு வாய்ப்பு என்று நினைக்கிறேன்."

"நினைக்கிறீரா! போன வருடமும் இப்படித்தான் நினைத்தீர்! கொட்டும் மழையில் எல்லோரையும் கிளப்பினேன். வெள்ளம் வரவேயில்லை. குரங்குகள் இன்றைக்கும் என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன! போய் நிச்சயமாகத் தெரிந்துகொண்டு வாரும்!"

நீர்நாயின் முகம் சுண்டிப்போனது. குரங்குகள் அதையும்தான் கேலி செய்தன. மறுபடி பேர் கெட அதற்கு மனமில்லை. மறு வார்த்தை பேசாமல் மரத்தடிக்குத் திரும்பியது. பாவம், அளப்பதில் இருந்த கெட்டிக்காரத்தனம் அதற்கு வாதாடுவதில் இல்லை!

அங்கே மூன்றாவதாக ஒரு கோடு கீறியது. நடுப்பகலில் அதுவும் மறைந்தது. "நிச்சயம், அம்மா! நிச்சயம்!" என்று கத்திக்கொண்டு நீர்நாய் ஓடிவந்தது. அதற்குள் துறைப் பாறைகள் மூழ்கிவிட்டன.

யானை பதறிப்போய் ஆற்றில் இறங்கியது. கீரிகளையும் முயல்களையும் முதுகில் ஏற்றிக்கொண்டு ஏழு தடவை போய்வந்தது. பிறந்து இரண்டு நாளே ஆன குட்டியோடு ஒரு சருகுமான் நின்றிருந்தது. "முயலுக்கு ஐந்து குட்டிகள். அவள் முதலில் போகட்டும்," என்று அது ஒதுங்கி வழிவிட்டது.

எட்டாவது தடவை யானை வந்தபோது திட்டைக் காணவில்லை. தாய் சருகுமானைத் துதிக்கையால் பிடித்துவிட்டது. குட்டியை ஆறு இழுத்துக்கொண்டு போயிற்று. நீர்நாய் சுழலுக்குள் பாய்ந்தது. நெடுநேரம் தேடி, குட்டியைக் கவ்விக்கொண்டு கரையேறியது. குட்டிக்கு மூச்சு இல்லை.

தாய் அதை நக்கிக்கொண்டே இருந்தது. பிறகு நிமிர்ந்து கேட்டது: "நீர்நாயாரே, திட்டு மூழ்கும் என்று உமக்கு எப்போது தோன்றியது?"

"காலையில்."

"காலையில் அந்தப் பாறைகளில்தான் இவன் துள்ளி விளையாடினான்!"

யானை கண்ணீர் விட்டது. "அவர் சொன்னார், தாயே. நான்தான் கேட்கவில்லை."

"இல்லை அம்மா," என்றது நீர்நாய். "நான் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்."

ஆபத்து வரும்போது, அறிந்தவர் கேலிக்கு அஞ்சி வாய் மூடினாலும், தலைமை தாங்குபவர் முழு நிச்சயத்துக்காகக் காத்திருந்தாலும், அதற்கு உயிரைக் கொடுப்பவர்கள் அவர்களை நம்பி இருந்தவர்களே.