மெத்தைக் கடைக்காரரின் சைக்கிள் சீட்

குருவுக்கு வயது முப்பத்தொன்று, சிஷ்யருக்கு ஐம்பத்திரண்டு. எங்கள் கூட்டத்தில் அப்படித்தான்.

சேலத்திலிருந்து ஏற்காட்டு மலைக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிள் மிதிக்கிற பத்துப் பதினைந்து பேர் நாங்கள். எங்கள் அத்தனை பேருக்கும் மலைப்பாதையில் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் மேகலா. முதலில் கேலிக்குத்தான் குரு என்று கூப்பிட்டோம். இரண்டு மழைக்காலம் அவர் பின்னால் போய்ச் சேற்றில் விழுந்து எழுந்த பிறகு கேலி போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

சிஷ்யர் பொன்னுரங்கம் அண்ணன். மெத்தைக் கடை முதலாளி. ஆளும் மெத்தை மாதிரிதான் இருப்பார், மனசும் அப்படித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து இறங்கி, அடிவாரத்து டீக்கடையில் எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் மட்டும் நின்றுகொண்டே டீ குடித்தார்.

"உட்காருங்கண்ணா" என்றார் குரு.

"உட்கார முடிஞ்சா நான் ஏம்மா நிக்கிறேன்?"

சிரித்துவிட்டோம். சிரிக்காமல் என்ன செய்வது?

"சிரிங்கப்பா, சிரிங்க. உங்களுக்கென்ன" என்று எங்களைப் பார்த்து முறைத்துவிட்டுக் குருவிடம் திரும்பினார். "குருவே, ஒரே ஒரு கேள்வி. நாள் முழுக்க உட்கார்ந்து மிதிச்சாலும் வலிக்காத சீட் எது?"

குரு டீயை ஆற்றினார். "ஊருக்கே படுக்கை விக்கிறீங்க. உங்களுக்குத் தெரியாததாண்ணா?"

"விளையாடாதீங்கம்மா. ஹரிணி ஜெர்மனிக்குப் படிக்கப் போறா. போறதுக்கு முன்னாடி நம்ம பெரிய சுத்துக்கு வர்றேன்னு சொல்லியிருக்கா."

பெரிய சுற்று என்பது வருஷத்துக்கு ஒருமுறை. விடிகாலையில் குப்பனூர் வழியாக ஏறி, மேலே காப்பித் தோட்டத்துக் கரட்டுப் பாதைகளில் சுற்றி, இருட்டுவதற்குள் இறங்க வேண்டும். அவர் மகள் ஹரிணி சளைக்காமல் வருவாள்.

"போன வருஷம் நான் புளிசாதத் தூக்கோட ஜீப்புல வந்தேன். வளைவுக்கு வளைவு புள்ள திரும்பித் திரும்பிப் பார்த்துச்சு. நான் ஜீப்புக்குள்ள இருந்து கைய ஆட்டுறேன். வெக்கமா போச்சும்மா." அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "இந்தத் தடவை அவ பக்கத்துலயே மிதிச்சு வரணும். அப்புறம் எந்தக் காலத்துல வாய்க்குமோ."

எங்கள் சிரிப்பு அடங்கிப்போனது. குரு மட்டும், "நல்லா மெத்து மெத்துன்னு வேணும்னு நினைக்கிறீங்க. அப்படியே செஞ்சு பாருங்களேன்" என்றார்.

அவ்வளவுதான், மனுஷனைப் பிடிக்க முடியவில்லை. அடுத்த வாரம் அவர் சைக்கிளில் ஒரு சிம்மாசனம் வந்தது. அடியில் ஃபோம், மேலே இலவம்பஞ்சு, அதற்கும் மேலே நீல ரெக்சின். நாலு மூலையிலும் குமிழ் வைத்துத் தைத்திருந்தார். டீ மாஸ்டர் எட்டிப் பார்த்து, "தலகாணி எங்கண்ணா?" என்று கேட்டார்.

அண்ணன் அசரவில்லை. ஏறி உட்கார்ந்தார். "ஆஹா! கோயமுத்தூர் வரைக்கும் போலாம்" என்றார்.

பாதி மலைகூடப் போகவில்லை. நெளிந்தார், வலப்பக்கம் சாய்ந்தார், இடப்பக்கம் சாய்ந்தார். கடைசியில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, காலை அகட்டி வைத்து நடந்து வந்தார்.

"என்னம்மா இது? நானே பார்த்துப் பார்த்துத் தச்சது, எனக்கே துரோகம் பண்ணிருச்சு!"

அப்படியே அண்ணனின் பார்வை குருவின் சைக்கிள் மேல் போனது.

"உங்க சீட்டைக் கொடுங்க. நாள் பூரா மலையில சுத்துறீங்க, ஒரு நாளாவது முகம் சுளிச்சிருப்பீங்களா? அதுலதான் ஏதோ விஷயம் இருக்குது."

குரு ஏன் எதற்கு என்று கேட்காமல் தன் சீட்டைக் கழற்றிக் கொடுத்தார். அண்ணனின் நீல மெத்தையைத் தன் சைக்கிளில் மாட்டிக்கொண்டார். இப்படி ஒரு குருவை எங்கே பார்க்க முடியும்?

அதற்கடுத்த வாரம் இருவரும் சீட் மாற்றி மலை ஏறினார்கள். குரு போன மாதிரியே பூவாக இறங்கி வந்தார். அண்ணனோ தொடை இரண்டும் சிவந்துபோய்த் தேங்காய் எண்ணெய் கேட்டார்.

"இதுல எப்படிம்மா உட்கார்றீங்க? தொடையைப் போட்டு அறுக்குது. அதை விடுங்க, என் மெத்தையில உங்களுக்கு வலிக்கலையா?"

"நான் எங்கண்ணா உட்கார்ந்தேன்? பெடல் மேல நின்னுட்டேதான் வந்தேன்."

டீ மாஸ்டர் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

அண்ணனுக்கு இந்தத் தடவை நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "இன்னும் மூணே வாரம்தான் இருக்குது. என் வேதனை உங்களுக்கு வேடிக்கையா இருக்குதா? ரெண்டுமே சரிப்படாதுன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். நல்ல மனுஷன், பொய் சொல்ல வரவில்லை.

குரு எழுந்து டீக்கடைக்குள் போனார். காலியான பிஸ்கட் பெட்டியின் ஒரு பக்கத்து அட்டையைக் கிழித்துக்கொண்டு வந்து கல்படியில் போட்டார்.

"இது மேல உட்காருங்க."

"எதுக்கு?"

"உட்காருங்கண்ணா. ரெண்டு காலையும் தூக்குங்க. சைக்கிள் ஓட்டுற மாதிரி முன்னால குனிங்க. அப்படியே இருங்க."

ரோட்டில் போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். "அடைகாக்க வெச்சிருக்கீங்களாம்மா?" என்றார் டீ மாஸ்டர். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு அடைகாத்தார்.

எழுந்ததும் குரு அட்டையை வெயிலில் சாய்த்துக் காட்டினார். இரண்டு குழிகள்.

"இவ்வளவு பெரிய உடம்புக்கு ரெண்டே ரெண்டு குழிதானா?" அண்ணனுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

"எல்லாருக்கும் ரெண்டுதாண்ணா. உட்கார்ற எலும்பு ரெண்டுதானே இருக்குது. நடுவுல இருக்கிற இடைவெளிதான் ஆளுக்கு ஆள் மாறும். உங்களுது இவ்வளவு." விரலை அகட்டி அளந்தார். "உங்க மெத்தை எலும்பு இருக்கிற எடத்துல அமுங்கிக் கொடுத்துச்சு, இல்லாத எடத்துல எழும்பிக் குத்துச்சு. என் சீட் என் எலும்புக்கு. உங்களுக்கு அகலம் ஜாஸ்தி."

அடிவாரத்தில் நிறுத்தியிருந்த தன் காரில் கிடந்த பழைய சீட்டுகளைக் கிளறி, அட்டையோடு வைத்து வைத்துப் பார்த்து, ஒன்றை எடுத்து நீட்டினார்.

அண்ணன் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். மெத்தைக்காரர் அழுத்தம். அது அசையவில்லை.

"அய்யய்யோ! கட்டையாட்டம் இருக்குதேம்மா. என் கடையில நாய்க்குக்கூட இதைப் போட மாட்டேன்."

"நாய் மலை ஏறாதுண்ணா."

குரு அதை மாட்டி, உயரம் பார்த்து, சீட்டின் மூக்கு முனையை மட்டம் பார்த்து, ஸ்பேனரால் முடுக்கினார். முதல் வாரம் அண்ணன் வழி நெடுக எங்களைத் திட்டினார். இரண்டாவது வாரம் ரோட்டைத் திட்டினார். மூன்றாவது வாரம் பெரிய சுற்று வந்துவிட்டது.

அன்றைக்கு அவரைப் பார்த்திருக்க வேண்டும்! குப்பனூர் ஏற்றம் முழுக்க மகளுக்குப் பக்கத்திலேயே மிதித்தார். ஹரிணி ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். பின்னால் ஜீப்பில் அவர் மைத்துனர் குணா புளிசாதத்தோடு வந்தார்.

சாப்பாட்டுக்கு அப்புறம், காப்பித் தோட்டத்துக்கு நடுவே கடைசி ஏற்றம். செங்குத்து. சக்கரத்துக்கு அடியில் சரளைக்கல் உருள்கிறது. அண்ணன் பாதியில் காலை ஊன்றிவிட்டார்.

கொஞ்சம் மேலே ஹரிணியும் காலை ஊன்றி நின்றாள். திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். குணா ஜீப்பைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்திக் கதவைத் திறந்தார். "போதும் மாமா. இவ்வளவு தூரம் வந்ததே பெருசு. ஏறிக்கங்க."

அண்ணன் ஜீப்பைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பரிதாபமாக இருந்தது.

"குருவே! சீட் மறுபடியும் படுத்துதும்மா. ஒரு நூல் அளவு இறக்கி விடுங்க, புண்ணியமா போகும்."

குரு சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஸ்பேனரோடு வந்தார்.

"எங்கண்ணா வலிக்குது?"

"தொடை ரெண்டும் எரியுது. முழங்கால் என்னுது மாதிரியே இல்ல. மூச்சு இரைக்குது."

"உட்கார்ற எடம்?"

அண்ணன் யோசித்தார். யோசித்தது போதாமல் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டும் பார்த்துக்கொண்டார்.

"அங்க ஒண்ணும் இல்லம்மா" என்றார், ஆச்சரியமாக.

குரு ஸ்பேனரைப் பைக்குள் போட்டார்.

"அப்ப இதை என்னால சரி பண்ண முடியாதுண்ணா. இது சீட் இல்ல. மலை."

அண்ணன் ஜீப் கதவைச் சாத்திவிட்டுப் பெடலை மிதித்தார், குணா கூப்பிடக் கூப்பிட. மகளோடு சேர்ந்து ஏறிக்கொண்டிருந்தவருக்குப் பேச மூச்சு ஏது?