பின்வாசல் இல்லாத வீடு

கள்ளியும் காரைமுள்ளும் மண்டிக் கிடந்த ஒரு காட்டில், வளவன் என்றொரு வெள்ளெலி இருந்தான். வளை தோண்டுவதில் அந்தக் காட்டுக்கே அவன்தான் பொறியாளன். எந்த மண் சரியும், எந்த மண் நிற்கும், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதையெல்லாம் மோந்து பார்த்தே சொல்லிவிடுவான். கெட்டிக்காரன்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அவன் வீட்டுக் குதிரில் தானியம் ஒருநாளும் பாதிக்கு மேல் ஏறியதில்லை.

வெள்ளெலி வீட்டில் ஒரு விசேஷம் உண்டு, பிள்ளைகளே. முன்வாசல் எல்லாருக்கும் தெரியும். பின்வாசல் வெளியே இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரியாது. வீட்டின் கோடியிலிருந்து பொறியாளன் மேல்நோக்கி ஒரு வழி வெட்டுவான். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நிறுத்திவிடுவான். மேலே மெல்லிய மண்மூடிதான் இருக்கும். பாம்பு உள்ளே வந்தால் தலையால் ஒரு முட்டு முட்டி வெளியே பாய்ந்துவிடலாம்.

முட்டினால் மூடி உடைந்துவிடும் அல்லவா? அதனால் குடிவருகிறவர்கள் யாரும் அதைச் சோதித்துப் பார்ப்பதில்லை. "இதோ பின்வாசல்" என்று பொறியாளன் காட்டினால் போதும். அந்தச் சொல்லை நம்பித்தான் குஞ்சு குளுவான்களோடு தூங்குவார்கள்.

ஒருநாள் பழ வியாபாரம் செய்யும் அணில், நாவல் கொம்பில் உட்கார்ந்துகொண்டு வளவனைக் கிண்டல் செய்தது.

"என்ன பொறியாளரே, ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறீர், உம்முடைய குதிர் நிறைந்ததா? வளை தோண்டி எவனய்யா பணக்காரன் ஆனான்? வாங்கி விற்கப் பழகும்!"

வளவனுக்குச் சுருக்கென்றது. அணிலின் வயிறு தொந்தியாய்த் தொங்கியதைப் பார்த்தான். தன் விலா எலும்புகளைத் தடவிக்கொண்டான். அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் உச்சிவேளையில் கரும்பாறை மேட்டு வழியாக வந்துகொண்டிருந்தான். அந்த மேட்டில் பறவை கூவாது. அன்று காற்றும் இல்லை. ஆனாலும் கள்ளிப் புதரடியில் சருகுகள் மெல்ல நகர்ந்தன.

"வளவா."

குளிர்ந்த குரல். அவசரமே இல்லாத குரல்.

"யார் அது?" என்றான் வளவன். அவன் முதுகு மயிர் தானாகவே எழுந்து நின்றது.

"பார்க்க வேண்டாம். வேலை தருகிறேன். உன் குதிர் நிறையும்படி கூலியும் தருகிறேன். இந்த மேட்டில் பெரிய பெரிய வீடுகளாகக் கட்டு. பின்வாசல் வழியை மட்டும் பாறைக்கு நேர் கீழே கொண்டுபோய் நிறுத்திவிடு."

"பாறையை எப்படி முட்டித் திறப்பது?"

"அந்தக் கவலை உனக்கு எதற்கு?"

புதரை விலக்கி ஒரு பார்வை பார்த்திருந்தால் எல்லாம் விளங்கியிருக்கும். வளவன் பார்க்கவில்லை. அணிலின் தொந்திதான் அவன் கண்முன் நின்றது. "சரி" என்றான்.

வீடுகள் எழும்பின. அகலமான அறைகள், ஈரம் ஏறாத தரை, வழவழப்பான சுவர்கள். எலிக் குடும்பங்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. வளவனும் ஒவ்வொருவரையும் கோடிக்கு அழைத்துப் போய், "இதோ பின்வாசல்" என்று காட்டினான். முதல் தடவை சொல்லும்போது நாக்குத் தடுமாறியது. அப்புறம் பழகிவிட்டது.

முதல் வீட்டில் குடிவந்தவர்கள் சில நாட்களாக வெளியே தலைகாட்டவில்லை. அப்போது புதரிலிருந்து குரல் வந்தது.

"உள்ளே போ, வளவா. அங்கே இருப்பதெல்லாம் உன் கூலி."

போனான். வீடு ஓசையற்றுக் கிடந்தது. தினையும் சாமையும் சுவரோரம் அடுக்கியபடியே இருந்தன. புல்மெத்தையில் குட்டிகள் சுருண்டு படுத்திருந்த பள்ளங்கள் கலையாமல் இருந்தன. இங்கே இருந்தவர்கள் எங்கே என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே! தானியத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினான்.

இப்படியே ஒவ்வொரு வீடும் ஓசை அடங்கியது. வளவனின் குதிர் ஏறிக்கொண்டே போனது.

ஒருநாள் அவன் மனைவி சிட்டாளின் தம்பி செங்கான், பெண்டாட்டி பிள்ளைகளோடு மேட்டுக்கு வந்து நின்றான்.

"மச்சான், நீங்கள் கட்டிய வீட்டில் இருக்க எங்களுக்கும் கொடுத்துவைத்திருக்கிறதே!" என்று அவனுக்கு வாயெல்லாம் பல். உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டு, "பின்வாசல் எது?" என்று கேட்டான்.

வளவனுக்கு 'போய்விடு, மாப்பிள்ளை' என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. வெளியே சருகு நகரும் சத்தம் கேட்டது.

"இதோ," என்றான்.

அந்த வீட்டுக் கூலியையும் அவன் எடுத்து வந்தான். சிட்டாள் அந்தக் கம்பு மணிகளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு மணியிலும் முளைக்கும் முனை ஒரே சாய்வாகக் கடித்து எடுக்கப்பட்டிருந்தது.

"இது செங்கானின் பல். முளைவிட்டு வீணாகாமல் இருக்க இப்படித்தான் சாய்வாகக் கடித்து வைப்பான். அவன் எங்கே?"

"வேறு காட்டுக்குப் போயிருப்பான்."

"மழைக்காலம் வரும் நேரத்தில், கம்பை விட்டுவிட்டா?"

வளவன் குதிரின் பக்கம் திரும்பிக்கொண்டான். "எல்லாம் உங்களுக்காகத்தானே," என்று முணுமுணுத்தான்.

"எங்களுக்காக என்று சொல்லாதீர்கள்," என்றாள் சிட்டாள். அழுதுகொண்டே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓடைக்கு அக்கரையில் இருந்த தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

நிறைந்த குதிரின் முன்னால் வளவன் தனியாக உட்கார்ந்திருந்தான். ஒரு மணியைக் கடித்துவிட்டுத் துப்பினான். செங்கான் வீட்டில் இன்னும் ஒரு சுமை மிச்சம் இருந்தது. 'அதை எடுத்து வந்துவிட்டு இந்த வேலையையே விட்டுவிடுகிறேன்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வீடுகள் ஒவ்வொன்றாக ஓசை அடங்கியதில் மிரண்டு, எலிகள் யாரும் இப்போது மேட்டுப் பக்கமே வருவதில்லை என்பது அவனுக்குத் தெரியும். குடிவர ஆள் இல்லாவிட்டால் அந்தக் குரலுக்கு என்ன ஆகும் என்று மட்டும் அவன் யோசிக்கவில்லை.

மழை மூட்டம் போட்டிருந்த சாயங்காலம் அது. வளவன் செங்கான் வீட்டுக்குள் நுழைந்து கன்னம் புடைக்கக் கம்பை அடைத்துக்கொண்டான். திடீரென்று வாசல் வெளிச்சம் அணைந்தது.

"வளவா."

இந்த முறை குரல் புதருக்குள்ளிருந்து வரவில்லை. நீண்ட, கறுத்த நாகம் ஒன்று நடைபாதையை அடைத்துக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தது. அதற்கு அவசரமே இல்லை.

"எனக்குப் பசிக்கிறது, வளவா. இப்போதெல்லாம் யாரும் குடிவருவதில்லை."

வளவன் கம்பைத் துப்பிவிட்டுக் கோடிக்கு ஓடினான். கால்கள் தாமாகவே பின்வாசல் வழியில் ஏறின. உச்சியில் தலை மடேரென்று பாறையில் மோதியது. தடவிப் பார்த்தான். பாறையின் அடிப்பக்கம் முழுவதும் கீறல்கள். பெரிய நகக் கீறல்களுக்குப் பக்கத்திலேயே சின்னஞ்சிறு கீறல்களும் இருந்தன. 'ஐயோ, குழந்தைகள்!' என்று அவன் நெஞ்சு வெடித்தது. அத்தனை வீட்டிலும் கடைசியில் என்ன நடந்தது என்று அப்போதுதான் அவன் முழுசாகத் தெரிந்துகொண்டான்.

கீழே செதில்கள் உரசும் சத்தம் நெருங்கியது.

"என்னை விட்டுவிடு!" என்று அலறினான். "நான்தான் இந்த வீட்டைக் கட்டியவன்!"

"தெரியுமே," என்றது நாகம். "எவ்வளவு நன்றாகக் கட்டியிருக்கிறாய்!"

நீதி: தொழில் செல்வம் தரலாம்; ஆனால் நம்பி வந்தவர்களைக் காட்டிக்கொடுத்துச் சேர்த்த செல்வம், சேர்த்தவனையும் தப்பவிடாது.