தளபதி ஒற்றைப்பல்லனும் குன்றிமணிப் பதக்கமும்

மூங்கில்காட்டுக் குளக்கரையில் அன்று ஒரே கூச்சல்! கரடி ராஜா குன்றிமணிப் பதக்கம் கொடுக்கப் போகிறார்.

அது சும்மா அழகு காட்டும் பதக்கம் அல்ல. அதை அணிந்தவர்தான் கோடை முழுவதும் குளத்தில் முதலில் இறங்க வேண்டும். நாணல் புதரைச் சுற்றிப் பார்த்து, "வரலாம்!" என்று குரல் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மான்குட்டிகளும் முயல்குட்டிகளும் தண்ணீர் குடிக்க வரும். செந்நாய்களுக்கும் அதே குளம்தானே!

காவல்படைத் தளபதி ஒற்றைப்பல்லன் முன்னால் வந்து நின்றான். அவன் ஒரு காட்டுப்பன்றி. ஒரு கோரைப்பல் முறிந்திருந்தது. ஒரு காது பாதிதான் இருந்தது. நெஞ்சில் தழும்பு இல்லாத இடமே இல்லை. எல்லாம் செந்நாய்கள் போட்டவை.

"கொஞ்சம் பொறுங்க ராஜா!" என்று குறுக்கே வந்தது மரகதன் என்ற மயில். "இத்தனை அடி வாங்கினவனுக்கா பதக்கம்? சண்டை தெரிஞ்சவன் மேல அடி விழுமா? என்னைப் பாருங்க! ஒரு கீறல் உண்டா?"

"அட, ஆமாம்!" என்றார் கரடி ராஜா. யோசிக்கிற வேலையை வேறு யாராவது செய்து கொடுத்தால் அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

"நீ சண்டைக்கே வரலையே!" என்று ஒரு தாய்மான் கத்தியது. ஆரவாரத்தில் அது யார் காதிலும் விழவில்லை. பதக்கம் மயிலின் கழுத்தில் ஏறிவிட்டது!

ஒற்றைப்பல்லன் தன் காவலுக்குத் திரும்பினான். வருத்தம் இருந்தது, இல்லாமல் போகுமா?

மறுநாள் மாலை மயில் குளத்தில் இறங்கியது. தண்ணீரில் தன் உருவம் தெரிந்தது. அடடா, பதக்கம் என்ன ஜொலிப்பு! தோகையை விரித்தது. இப்படித் திரும்பியது, அப்படித் திரும்பியது. நாணல் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

"வரலாம்!" என்று கூவியது.

குட்டிகள் துள்ளி ஓடி வந்தன. நாணல் அசைந்தது. செந்நாய்கள்!

"ஐயோ!" என்று அலறி எழும்பியது மயில். ஒரு செந்நாய் தோகையைக் கவ்வ, பாதித் தோகை அதன் வாயோடு போயிற்று. பதக்கம் சேற்றில் விழுந்தது.

"பிள்ளைகளா, என் பின்னால ஓடிவாங்க!"

ஒற்றைப்பல்லன்தான்! புதரைப் பிளந்துகொண்டு பாய்ந்தான். முட்டினான், கிழித்தான், கடிபட்டான், மறுபடியும் முட்டினான். செந்நாய்கள் ஊளையிட்டபடி ஓட்டம் பிடித்தன. ஒரு குட்டிக்கும் சேதம் இல்லை!

கரடி ராஜா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ராஜா! இப்ப எனக்கும் காயம்!" என்று மரக்கிளையிலிருந்து கத்தியது மயில். "நானும் வீரன்தான்!"

"எங்கே, காட்டு!"

மயில் திரும்பி நின்று காட்டியது. காடே சிரித்தது.

"தளபதிக்கு எல்லாக் காயமும் நெஞ்சுல. உனக்கு வால்ல!" என்றது தாய்மான்.

ராஜாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பதக்கத்தைக் கழுவி எடுத்து வந்தார். "தப்பு என் மேலதான் தளபதி. கழுத்தைக் காட்டு."

"அது அப்புறம் ராஜா!" என்றான் ஒற்றைப்பல்லன். கழுத்தில் ரத்தம் வழிந்தது. "பிள்ளைங்க இன்னும் தண்ணியே குடிக்கலை!"

நொண்டிக்கொண்டே நாணலுக்குள் நுழைந்தான். மூலை முடுக்கெல்லாம் மோந்து பார்த்தான்.

"வரலாம்!"

ஒரு குட்டிகூடத் தயங்கவில்லை.

ஒருவனுடைய காயங்களைப் பார்த்து அவனை எடைபோடும் முன், அவை யாரைக் காப்பதற்காகப் பட்டவை என்று கேட்க வேண்டும்.