எருக்கிலை ஜெயித்த கதை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ராஜ்யம், என்ன வம்சம் என்று என்னைக் கேட்காதீர்கள். சொன்னால் நாளைக்கே ஒருத்தன் வந்து "அவர் எங்கள் பாட்டனார்" என்று சண்டைக்கு நிற்பான். பெயர் மட்டும் சொல்கிறேன், விசயகண்டன். நல்ல மனுஷர்தான். ஆனால் சந்தேகம் என்றால் அப்படியொரு சந்தேகம்! அவர் சாப்பாட்டை ஒருவன் ருசி பார்ப்பான். ருசி பார்த்தவன் நடிக்கிறானா என்று இன்னொருவன் பார்ப்பான். அந்த இன்னொருவனை ராஜாவே பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குள் சோறு ஆறிப்போகும். சோறு ஏன் ஆறிப்போனது என்று அதற்கு ஒரு விசாரணை நடக்கும்.

அந்தச் சபையில் விகடம் பேசுகிற உத்தியோகம் தாண்டவனுக்கு. ராஜா சிரிப்பது அவனிடம் மட்டும்தான். தலைமை மந்திரி கச்சிராயருக்கு அதில் வயிற்றெரிச்சல் தாங்காது. அவர் ஒன்றும் சும்மா பொறாமைப்படுகிற ஆள் இல்லை, காரியத்தோடு பொறாமைப்படுகிறவர். அதைத்தான் சொல்ல வந்தேன்.

கரிசேரி என்று அங்கே ஒரு பெரிய ஏரி. மழைக்காலத்தில் அதன் கரையைக் காத்தவர்கள் சம்பளக்காரர்கள் இல்லை. சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களே முறை போட்டுக்கொண்டு, மண்வெட்டியும் கோரைப்பாயுமாக வந்து நிற்பார்கள். கூலி என்று ஒரு பிடி அவல்கூடக் கிடையாது. அவர்களுக்குக் கரைக்காவலர் என்று பெயர். மழைக்கு முன்னால் அவர்களே தங்களுக்குள் ஒரு தலைவரைப் பொறுக்கிக்கொள்வார்கள். மதகுச் சாவி அந்தத் தலைவரிடம் இருக்கும்.

அந்த வருஷம் மூன்று பேர் நின்றார்கள். கீழ்க்கரைக் காத்தாயி, மேல்கரை மூக்காண்டி, அப்புறம் கச்சிராயரின் மைத்துனன் வீரபாகு. இந்த வீரபாகு இருக்கிறானே, ஏரிக்குள்ளேயே நிலத்தை வளைத்துப்போட்டுக் கரும்பு வைத்திருந்தான். ஏரி நிரம்பினால் அவன் கரும்பு அழுகும். சாவி அவன் கைக்குப் போனால் முதல் மழைக்கே மதகைத் திறந்துவிடுவான், கோடையில் கீழே உள்ள ஊர்களெல்லாம் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் சாகும். ஏரியைக் காக்க வந்தவன் யார், கரும்பைக் காக்க வந்தவன் யார் என்று சொல்ல ஜோசியம் வேண்டுமா?

கரைக்காவலரில் பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது. அதனால் அவர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தென்னை ஈர்க்கு. நிற்கிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு இலை. யாரை ரொம்பப் பிடிக்குமோ அவர் இலையை முதலில் குத்தி, ஈர்க்கின் அடிவரைக்கும் தள்ள வேண்டும். அவர் இல்லாவிட்டால் யாரோ, அந்த இலை அதற்கு மேலே. கடைசியாகப் பிடித்தவர் நுனியில். திரைக்குப் பின்னால் குத்தி, குதிருக்குள் போட்டுவிட்டுப் போய்விடலாம். எண்ணும்போது அடியில் இருக்கிற இலையைத்தான் பார்ப்பார்கள். பாதிக்கு மேல் ஒருவருக்குக் கிடைத்தால் அத்தோடு முடிந்தது. கிடைக்காவிட்டால், எல்லாரையும்விடக் குறைவாக வாங்கினவர் விலகிக்கொள்ள வேண்டும். அவர் இலையைக் கிள்ளி எறிவார்கள். அடியிலிருந்த அவர் இலை போன ஈர்க்கில் அடுத்த இலை அடிக்கு வந்துவிடும். அந்த ஈர்க்கு அந்த அடுத்த இலைக்காரரின் குவியலுக்குப் போகும். மறுபடி எண்ணுவார்கள்.

அந்தப் பக்கத்தில் சொந்தபந்தம் இல்லாதவன் என்பதால் எண்ணிக்கொடுக்கத் தாண்டவனைக் கூப்பிட்டிருந்தார்கள். மொத்தம் தொண்ணூறு ஈர்க்கு. முதல் எண்ணிக்கையில் வீரபாகுவுக்கு நாற்பது, காத்தாயிக்கு இருபத்தொன்பது, மூக்காண்டிக்கு இருபத்தொன்று. பாதிக்கு மேல் யாருக்கும் இல்லை. மூக்காண்டி விலகினான். அவன் ஈர்க்குகளில் இரண்டே இரண்டு வீரபாகுவுக்குப் போயின, பாக்கிப் பத்தொன்பதும் காத்தாயிக்கு. காத்தாயி நாற்பத்தெட்டு, வீரபாகு நாற்பத்திரண்டு. சாவி காத்தாயியிடம் போனது.

கச்சிராயர் விடுவாரா? மறுநாள் காலை சபை கூடியதும் கூடாததுமாக எழுந்தார்.

"மகாராஜா! கரிசேரியில் மோசடி நடந்திருக்கிறது. முதலில் வந்தவன் தோற்றான். பின்னால் வந்தவள் ஜெயித்தாள். நடுவில் இருந்தது இந்தத் தாண்டவனின் கை. மூக்காண்டியின் ஆட்களை மட்டும் இரண்டு தடவை கேட்டானாம். எங்களுக்கு ஒரு வாக்கு, அவர்களுக்கு இரண்டு வாக்கா? இன்றைக்கு ஏரியில் செய்தவன் நாளைக்குச் சிங்காசனத்தில் செய்ய மாட்டான் என்று என்ன நிச்சயம்?"

சிங்காசனம் என்ற வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம், ராஜாவின் புருவம் ஏறிவிட்டது. "தாண்டவா, என்ன இது?"

"மகாராஜா, யாருக்கும் இரண்டு வாக்கு இல்லை. நான் விளக்கமாக..."

"விளக்காதே! நன்றாக விளக்குகிறவனை நான் நம்புவதே இல்லை." ராஜா கச்சிராயரைப் பார்த்தார். "உம்மையும் நம்பவில்லை, உட்காரும். உம் மைத்துனன் தோற்ற மறுநாளே உமக்கு நியாயம் ஞாபகம் வருகிறது." பிறகு தாண்டவன் பக்கம் திரும்பினார். "தாண்டவா, நீ சொல்லி நான் ஒப்ப மாட்டேன். இந்த எண்ணிக்கை நியாயம்தான் என்று கச்சிராயரே தம் வாயால் சொல்ல வேண்டும். அதுவும் இந்தச் சபை கலைவதற்குள். சொல்லாவிட்டால் சாவி வீரபாகுவுக்கு. நீ இந்த ஊரை மறந்துவிடு."

சபையில் கொல்லென்று சிரிப்பு. கச்சிராயராவது சொல்வதாவது! அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு சாவகாசமாகச் சாய்ந்தார்.

தன் வேலை போவதைவிட, சாவியை வாங்கியபோது காத்தாயி அழுத அழுகைதான் தாண்டவனுக்குக் கண்ணிலேயே நின்றது. ஆனாலும் முகத்தில் காட்டாமல் கும்பிட்டான்.

"உத்தரவு மகாராஜா. கரிசேரி கிடக்கட்டும். தங்களுக்கு ராத்திரி தூக்கம் வராததற்கு என்ன காரணமோ அதை முதலில் பார்ப்போம். இந்தச் சபையில் தாங்கள் அதிகம் சந்தேகப்படுவது யாரை?"

ராஜாவுக்கு இதைவிட இனிப்பான கேள்வி உண்டா? முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "எல்லாரையும்தான். ஆனால் முக்கியமாக நான்கு பேர். கச்சிராயர், தளபதி, ஜோசியர், நீ."

"அந்த நாலு பேரில் யார் பெரிய துரோகி என்று சபையையே கேட்டுவிடுவோமே? திரைக்குப் பின்னால் போய் ஆளுக்கொரு ஈர்க்கில் நாலு இலையும் குத்தட்டும், பெரிய துரோகியின் இலை அடியில். யார் சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. என்னை நம்ப வேண்டாம், எனக்கு ஈர்க்கும் வேண்டாம். தாங்களே எண்ணுங்கள்."

ராஜா தொடையைத் தட்டினார். "பலே! துரோகி என்று தேறுகிறவனுக்கு மொட்டை அடித்து, கழுதையில் ஏற்றி, எல்லைவரை ஊர்வலம்!"

தோட்டத்திலிருந்து இலைகள் வந்தன. மந்திரிக்கு வெற்றிலை, தளபதிக்கு வேப்பிலை, ஜோசியருக்கு மாவிலை. "தாண்டவனுக்கு எருக்கிலை போதும்" என்றார் கச்சிராயர். சபை அதற்கும் சிரித்தது. தாண்டவனும் சேர்ந்து சிரித்தான்.

சபையில் பதின்மூன்று பிரதானிகள். ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போய், ஈர்க்கைக் குத்தி ஒரு குடத்தில் போட்டுவிட்டு வந்தார்கள். அந்த மூஞ்சிகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! போகிறவன் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான், வருகிறவன் யாரையும் பார்க்க மாட்டேன் என்கிறான். ஒருத்தர் அங்கவஸ்திரத்தால் தலையையே மூடிக்கொண்டு குத்தினாராம். இத்தனைக்கும் எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிடுகிறவர்கள்.

ராஜா குடத்தைத் தம் மடியில் கவிழ்த்துக்கொண்டார். பக்கத்தில் யாரையும் அண்டவிடவில்லை. அடி இலையைப் பார்த்துப் பார்த்துப் பிரித்துவைத்தார்.

"வெற்றிலை ஐந்து. எருக்கிலை நான்கு. வேப்பிலை மூன்று. மாவிலை ஒன்று."

கச்சிராயரின் வாயில் மென்றுகொண்டிருந்த தாம்பூலம் அப்படியே நின்றுவிட்டது.

தாண்டவன் சட்டென்று எழுந்தான். "ஆயிற்று மகாராஜா! முதலில் வந்தவர்தானே ஜெயித்தவர்? மந்திரியாரே சற்றுமுன் சொன்னார். நாவிதரைக் கூப்பிடலாமா?"

"நில், நில்!" என்று கத்திக்கொண்டே கச்சிராயர் எழுந்ததில் தலைப்பாகை நழுவியது. "இது என்ன அக்கிரமம்! பதின்மூன்று பேரில் ஐந்து பேர் சொன்னால் நான் துரோகியா? மற்ற எட்டுப் பேர் என்னைச் சொல்லவில்லையே! அவர்கள் பேச்சு மூன்று பக்கமாகச் சிதறிப்போனதற்கு நான் மொட்டை அடித்துக்கொள்ள வேண்டுமா?"

"அதற்கு என்ன செய்யலாம் என்கிறீர்கள்?" என்றான் தாண்டவன், ரொம்ப மரியாதையாக.

"ஜோசியருக்கு ஒன்றுதானே விழுந்திருக்கிறது? அவரை விலக்குங்கள். அந்த மாவிலையைக் கிள்ளிப்போட்டுவிட்டு அடுத்த இலை எது என்று பாருங்கள். பாதிக்கு மேல் ஒருவருக்கு வருகிறவரைக்கும் பாருங்கள்!"

"ஐயையோ, அது ஆகாது. மாவிலை குத்தினவருக்கு இரண்டு வாக்கு கொடுத்ததாகிவிடுமே?"

"எப்படி இரண்டாகும்? உனக்கு மூளை இருக்கிறதா?" கச்சிராயருக்கு மூச்சு வாங்கியது. "ஈர்க்கு ஒன்றுதானே! இந்தக் குவியலிலிருந்து எடுத்து அந்தக் குவியலில் வைத்தால் ஒன்று இரண்டாகிவிடுமா? ஒவ்வொரு தடவையும் பதின்மூன்று ஈர்க்கையும்தானே எண்ணுகிறோம்? எனக்குக் குத்தினவனுடையதும் மறுபடி எண்ணப்படுகிறது, அவனுக்கு அதே இலை நிற்கிறது, அவ்வளவுதான். மகாராஜா, இதுதான் நியாயமான எண்ணிக்கை! இதைத் தவிர வேறு எதுவும் நியாயம் இல்லை!"

சொல்லி முடித்த பிறகுதான் சபை ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று அவருக்கு உறைத்தது. தாண்டவன் ராஜாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

ராஜாவின் உதட்டோரம் துடித்தது. ஆனாலும் சிரிக்கவில்லை. துரோகி யார் என்று தெரிய வேண்டுமே! மாவிலையைக் கிள்ளினார். அந்த ஒரு ஈர்க்கு எருக்கிலைக்குப் போனது. வெற்றிலை ஐந்து, எருக்கிலை ஐந்து, வேப்பிலை மூன்று. பிறகு வேப்பிலையைக் கிள்ளினார். மூன்று ஈர்க்கையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்றிலும் அடுத்து இருந்தது எருக்கிலை.

"எருக்கிலை எட்டு" என்றார் ராஜா. "தாண்டவா, ஜெயித்துவிட்டாய்."

கச்சிராயருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஆகா! சபை சொல்லிவிட்டது! மகாராஜா, கழுதை!" என்று குதித்தார்.

"கழுதை வரட்டும்" என்றான் தாண்டவன். "நியாயமான எண்ணிக்கை என்று மந்திரியாரே சொல்லிவிட்டார், நான் மறுக்க முடியுமா? காத்தாயியும் இதே எண்ணிக்கையில்தான் ஜெயித்தாள், சாவி அவளிடமே இருக்கட்டும். மந்திரியார் மனம் மாறி ‘இது மோசடி’ என்றால் அதற்கும் சம்மதம். முதல் எண்ணிக்கையே நிற்கட்டும், சாவி வீரபாகுவுக்கு, கழுதை மந்திரியாருக்கு. எது வேண்டும் என்று அவரே சொல்லட்டும்."

கச்சிராயர் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மைத்துனனின் கரும்பா, தன் தலைமயிரா? பாவம், மனுஷர் எவ்வளவு நேரம்தான் யோசிப்பார்? "சாவி... காத்தாயியிடமே இருக்கட்டும்" என்று முனகினார்.

அவ்வளவுதான். ராஜா சிரிக்க ஆரம்பித்தார். அப்படி ஒரு சிரிப்பை அந்த அரண்மனை கேட்டதே இல்லை. மடியிலிருந்த ஈர்க்கெல்லாம் சிதறியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சிரித்து முடித்ததும் ராஜாவின் புருவம் பழையபடி ஏறியது. சபையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"பதின்மூன்று பேர். மழை வருமா வராதா என்று கேட்டால்கூட ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் சொல்ல மாட்டீர்கள். தாண்டவன் ஒருத்தனை மட்டும் எட்டுப் பேர் சேர்ந்து விரட்டப் பார்க்கிறீர்கள். உங்களில் ஒருவர்மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை. நான் நம்பாதவர்கள் இத்தனை பேருக்கு ஒருவனைப் பார்த்துப் பயம் என்றால், அவன் ஒருவன்தான் என் ஆள்." கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றித் தாண்டவன் கழுத்தில் போட்டார். போட்டபிறகு, முத்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை தடவியும் பார்த்துக்கொண்டார்.

"அப்படியானால் கழுதை?" என்றார் கச்சிராயர், விடாமல்.

"ராஜ வாக்கு மாறாது. எல்லைவரை என்றேன், எல்லைவரை போகட்டும். திரும்பி வரக்கூடாது என்று நான் சொல்லவில்லையே? மொட்டையை மட்டும் மன்னித்தேன். கழுதைக்கு முன்னால் கயிறு பிடிக்க ஓர் ஆள் வேண்டும், கச்சிராயரே. நீர்தான் எழுந்து நிற்கிறீர்."

அப்படித்தான் அன்றைக்குச் சாயங்காலம், கழுத்தில் முத்துமாலையும் தலையில் எருக்கம்பூவுமாகக் கழுதைமேல் தாண்டவனும், கயிறு பிடித்தபடி வியர்த்துக்கொண்டு தலைமை மந்திரியும் கரிசேரிக் கரை வழியாகப் போனார்கள். கரையில் மண் அணைத்துக்கொண்டிருந்த காத்தாயி மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். சாவியைப் பிடுங்கத்தான் மந்திரி வருகிறாரோ என்று ஒரு கை இடுப்புச் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தது.

"என்ன சாமி இது கோலம்? கழுதையில ஏத்திட்டாகளே! என்னாலதானா? சாவியக் கேட்டு வந்திருக்காகளா?"

"சாவி உன்னுதுதான் தாயி, பயப்படாதே. மந்திரியே சொல்லிட்டாரு."

"அப்போ உங்களை ஏன் இப்படி விரட்டுறாக?"

"விரட்டலை தாயி" என்றான் தாண்டவன், மாலையைச் சரிசெய்துகொண்டு. "நானும் உன்ன மாதிரி எண்ணிக்கையில ஜெயிச்சுட்டேன்."